வரிசைக்கு ஒரு செதில் கூடுதல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு பதினெட்டு வரிசை. ஆள்காட்டி விரலில் ஊசி குத்தாத இடமே இல்லை.

கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், அதற்கு ஒரு ராஜா, அவர் திமிங்கிலத்தை ஒற்றைக் கையால் தூக்குவார், உலகத்தையே காப்பாற்றுவார், இவ்வளவு செலவில் இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை என்றெல்லாம் சொல்லித்தான் அண்ணன் மகள் என்னை இந்தத் தையல் வேலைக்குக் கூட்டி வந்தாள். நானும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் படப்பிடிப்புக் கொட்டகையை எட்டிப் பார்த்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவர் முழுக்கப் பச்சைத் துணி. நடுவில் ராஜாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தலைமுடி அலைவதற்கு இரண்டு ஃபேன் வைத்திருக்கிறார்கள்.

கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "கடல் எங்கண்ணே?"

"அதைக் கம்ப்யூட்டர்ல பின்னாடி ஊத்திக்குவாங்க. நீங்க செதிலைத் தைங்க அத்தை."

அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணன் மகள் அத்தை என்று கூப்பிடப்போய், தையல் கூடம் மொத்தமும் எனக்கு மருமகப்பிள்ளைகள் ஆகிவிட்டது.

ராஜா முதுகில் தொங்கும் அங்கி என் பொறுப்பு. கட்டைவிரல் நகம் அளவில் பிளாஸ்டிக் செதில், மேலே இரண்டு துளை. ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும். அறுபது வரிசை, வரிசைக்கு ஐம்பது என்று தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே தைத்தால் எண்ணிக்கை தப்புகிறது. பேசாமல் இருக்க எனக்கு வராது. அதனால் செதிலுக்கு ஒரு தடவை சாமி பேரைச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கும் வேலை, புண்ணியத்துக்குப் புண்ணியம்.

ஐம்பது முடிந்ததும் ஓரத்தில் இன்னும் ஒன்று. மொட்டையாக ஐம்பதில் நிறுத்த மனசு வரவில்லை. நல்ல காரியத்துக்கு எதைக் கொடுத்தாலும் மேலே ஒன்று வைத்துத்தானே கொடுக்கிறோம்? உலகத்தைக் காப்பாற்றப் போகிற பிள்ளை. ஒரு செதிலில் என்ன குறைந்துவிடப் போகிறது.

மார்ச் 12, புதன்

முப்பத்தாறு. கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. சாமியைக் கும்பிடக்கூட உடம்போடு சேர்ந்துதான் குனிகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

முடிந்தது. அறுபதாவது வரிசையின் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தபோது கண் கலங்கிவிட்டது.

அங்கியைத் தூக்கிக் காட்டினோம். வெளிச்சம் பட்டதும் அந்தக் கொட்டகையில் இல்லாத தண்ணீரெல்லாம் அதில் ஓடின மாதிரி இருந்தது. அண்ணன் மகள் சரிபார்ப்புத் தாளை எடுத்தாள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்டர் எண்ண உட்கார்ந்தார். "எங்க அத்தை தைச்சதை எண்ணணுமாண்ணே?" என்று அவரைத் தடுத்து, அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதில் அந்தக் கூடுதல் செதிலைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

ராஜா வந்து போட்டுப் பார்த்தார். நல்ல பிள்ளை. தோளைத் தட்டி, "தண்ணிக்குள்ள போறப்போ சாமியை நெனச்சுக்கப்பா" என்றேன்.

"தண்ணியே இல்லையே அத்தை."

"அப்போ கயித்துல தொங்குறப்போ நெனச்சுக்க."

ஏப்ரல் 16, புதன்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

படத்தின் கடல் முழுவதையும் போடுகிற கம்ப்யூட்டர்காரர் வந்தார். உடைப் பிரிவின் தலைவியை நாங்கள் மேடம் என்கிறோம். அவர் மேசையில் கம்ப்யூட்டர்காரர் ஒரு காட்சியை ஓடவிட்டார். ராஜா மலை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறார். பாதி தூரம் நிஜ ராஜா, மீதி தூரம் கம்ப்யூட்டர் ராஜா. ஆள் மாறுகிற இடத்தில் அங்கிச் செதில் எல்லாம் திடுக்கென்று துள்ளுகிறது, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி.

"தாள்ல ஐம்பதுன்னு இருந்துச்சு. அதை வெச்சுக் கம்ப்யூட்டர் அங்கியைக் கட்டினோம். இப்ப எடுத்த படத்துல மூணு வரிசை எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தொண்ணு வருது. மத்த வரிசையில எத்தனையோ, யாருக்குத் தெரியும்? அங்கியையும் சண்டைக் காட்சியில கிழிச்சாச்சு. இனி படத்துல ஒவ்வொரு செதிலா எண்ணித்தான் திருத்தணும். மாசக்கணக்கு ஆகும்."

மேடம் யார் கையெழுத்து என்று கேட்டார்.

"என்னோடது மேடம். எண்ணாம போட்டுட்டேன்" என்றாள் அண்ணன் மகள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அத்தை இப்படிச் செய்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான் நாலடி தள்ளி நின்றேன். ஒரு நாளும் ஓயாத இந்த வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 17, வியாழன்

பேசவில்லை.

வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. அப்புறம் ஏன் வீடு இப்படி இருக்கு? ரேடியோவாவது போடட்டுமா?"

ஏப்ரல் 18, வெள்ளி

மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த பாகத்துக்கு மொத்த உடைப் பொறுப்பையும் அண்ணன் மகளுக்குக் கொடுப்பதாக இருந்ததாம். ஒன்பது வருஷம் ஊசி பொறுக்கி, பெட்டி சுமந்து அந்தப் பிள்ளை வந்த இடம். இப்போது வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

விளக்கு முன்னால உக்காந்து கேட்டேன்: சாமி, நீயே போய் மேடம்கிட்ட சொல்லிடு. கேட்டு முடிச்சதும் எனக்கே வெக்கமாப் போச்சு. அவர் வந்து என்னன்னு சொல்வார்? செதிலைத் தைச்சது அவரா? அவர் கேட்டாரா மேல ஒண்ணு வைன்னு? நான்தானே அவர் பேரைச் சொல்லி என் இஷ்டத்துக்கு வெச்சேன் — இப்ப பழியையும் அவர் தலையில போடப் பாக்குறேன்.

நாளைக்குச் சொல்றேன்.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன். மேடம், கம்ப்யூட்டர்காரர், அண்ணன் மகள், மாஸ்டர், நாலு பேரும் இருக்கும்போதே.

"எண்ணிக்கை தப்பினது அவ இல்லம்மா. நான்தான். ஒவ்வொரு வரிசையிலயும் மேல ஒண்ணு வெச்சேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"யாரையும் கேக்கல. மொட்டையா ஐம்பதுல நிறுத்த மனசு வரல."

மாஸ்டர் இருமுவது போல வேறு பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. கம்ப்யூட்டர்காரர் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அறுபது வரிசையிலயுமா?"

"அறுபதுலயும்."

"ஒரு வரிசைகூடத் தப்பலையே?"

"சாமிக்குன்னு வெச்சது. தப்புமா?"

"எந்தப் பக்கம்?"

"இடது ஓரம். கடைசி."

மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா அத்தை? வரிசைக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னுதான் பயந்தேன். எல்லாம் ஒரே கணக்குன்னா, கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்தினா போதும். திங்கக்கிழமை முடிச்சுடுவேன்."

எனக்கு நெஞ்சில் இருந்த அம்மிக்கல் இறங்கியது. மேடம் என்னை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார். அது நியாயம்தான். அண்ணன் மகளுக்கு அடுத்த பாகத்தைக் கொடுப்பது பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தாள். "செதிலு வெச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல அத்தை. நான் அங்க தனியா நின்னேன். மூணு நாளு நீங்க ஏன் பேசல?"

அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூலை 2, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். "வாங்க அத்தை" என்றாள். அந்த இரண்டு வார்த்தைதான். அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 12, வெள்ளி

வருஷம் திரும்பிவிட்டது. இன்றைக்குப் படம் வெளியானது. காலையில் அண்ணன் மகளிடமிருந்து ஒரே வரி: "டிக்கெட் எடுத்திருக்கேன். பத்து மணிக்கு வாசல்ல நில்லுங்க."

கடலை நன்றாகவே ஊற்றியிருக்கிறார்கள். மீன்களெல்லாம் சாட்டை மாதிரி நீந்துகின்றன. மாளிகை, சுறா ரதம், சண்டை. எதுவும் எனக்குத் தலையில் ஏறவில்லை. ராஜா மலை உச்சிக்கு வந்தார். கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். குதித்தார். இடது ஓரத்தை மட்டும் பார்த்தேன். தண்ணீரைத் தொட்டார், உள்ளே போனார், போய்க்கொண்டே இருந்தார். ஒரு செதில்கூடத் துள்ளவில்லை.

"எங்க ஆள் மாறினாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியல" என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, "பாப்கார்ன் எடுத்துக்கங்க அத்தை."

ஜூன் 29, திங்கள்

இரண்டாம் பாகம். உடைப் பொறுப்பு அண்ணன் மகளுக்கே. முதல் காரியமாக மேடத்திடம் பேசி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மேசையில் தாள் இருந்தது, அவள் கையெழுத்தில்: ராஜா அங்கி, அறுபது வரிசை, வரிசைக்கு ஐம்பத்தொன்று. கீழே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு: இதற்கு மேல் ஒன்று கிடையாது.

சாயங்காலத்துக்குள் முதல் வரிசை முடிந்தது. ஐம்பத்தொன்றில் நிறுத்தினேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.