தண்ணீர் குடிக்காமல் நின்ற இருவர்

பொன்மலை, திருச்சி
புதன்கிழமை இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எந்நேரமும் உன் கூடவே இருக்கும் அந்த வெள்ளைக்காரக் கூட்டாளியிடம்கூடக் காட்டாதே, அவருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. இது அம்மாவின் கடிதம், அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சந்திரம்மாள் எழுதுகிறேன். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். லைட்டைப் போட்டால் குவார்ட்டர்ஸில் யாராவது பார்ப்பார்கள் என்று சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மா ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறாள். ஆசீர்வாதத்தை முதலிலேயே எழுதிவிடு என்கிறாள், கடைசியில் எழுதலாம் என்று விட்டு அதற்குள் அப்பா வந்துவிட்டால் வெறும் கடுதாசியாகப் போய்விடுமாம். ஆகவே எழுதுகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், மழையில் நனைந்த சட்டையோடு நிற்கக் கூடாது, உன் வாயிலிருந்து வரும் சொல் நல்ல சொல்லாக இருக்க வேண்டும். இப்படிக்கு உன்னைப் பெற்ற வேலம்மாள். கையெழுத்துக்குப் பதிலாக அம்மா விரலால் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறாள், பார்.

இங்கே அனைவரும் சுகம். நீயும் சுகம் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாழிகை நேரம் இந்த வீட்டில் நீ செத்துப்போயிருந்தாய் அண்ணே. பயப்படாமல் முழுதும் படி.

போன வருஷம் நீ சிங்கப்பூரில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டதையும், கடை வேலையை விட்டுவிட்டு மார்மன் கிறிஸ்தவச் சபைக்கு இரண்டு வருஷம் சம்பளம் இல்லாத ஊழியம் செய்யப் போவதையும் எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்த அன்று அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. "செத்துப்போனவனுக்கு யாரும் கடுதாசி எழுத வேண்டாம், மீறி எழுதினா அந்தக் கை அப்புறம் ஸ்கூல் நோட்டுல எழுதாது" என்றார். நான் இப்போது பத்தாவது படிக்கிறேன். அதனால்தான் உனக்குப் பதிலே வரவில்லை. எங்கள் கோபம் என்று நினைத்துவிடாதே. அம்மா மட்டும் நீ மொட்டை அடித்துக்கொண்டு யார் வீட்டு வாசலிலோ கையேந்தி நிற்பதாகக் கனவு கண்டு எழுந்து எழுந்து உட்காருவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். வாசலில் இரண்டு வெள்ளைக்கார வாலிபர்கள் வந்து நின்றார்கள், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, ஒருவர் நெட்டை, ஒருவருக்குச் செம்பட்டை முடி. ரத்தினவேல் என்று உன் பெயரைச் சொன்னதும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. "உக்காருங்க தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்காரவில்லை, அம்மா நிற்கும்போது தாங்கள் எப்படி உட்காருவது என்று மரியாதைக்காக நின்றார்களாம், அது பிறகுதான் தெரிந்தது. காபி கலந்து கொண்டு வந்தாள். இருவரும் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்கள். சரி, நம் வீட்டுக் காபி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அதையும் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் முகம் அப்போதே வெளுத்துவிட்டது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் இழவு சொல்ல இரண்டு பேராகத்தான் வருவார்கள், உட்கார மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் அது தெரியும். அந்த நேரம் பார்த்து நெட்டையர் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட உன் போட்டோவை எடுத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா போட்ட கூச்சலை நான் எழுத மாட்டேன். சொம்பு உருண்டது, போட்டோ விழுந்து கண்ணாடி உடைந்தது. அவர்கள் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார்கள், என் காதில் எதுவும் ஏறவில்லை, நானும் சேர்ந்து அழுதேன். குவார்ட்டர்ஸே கூடிவிட்டது. யாரோ சைக்கிளில் சந்தைக்கு ஓடினார்கள். செம்பட்டைத் தலையர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்து அவரும் அழ ஆரம்பித்துவிட்டார், அதைப் பார்த்து அம்மாவுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அற்புதசாமி மாமா சவரம் பாதியில், முகமெல்லாம் சோப்போடு ஓடிவந்தார். ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்களோடு பேசிப் பழகியவர் அல்லவா, அவர்தான் நிதானமாக விசாரித்தார். விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, அழுகைய நிறுத்துங்க! உங்க புள்ள கல்லு மாதிரி இருக்கான். இவனுங்க இன்னைக்கு ஒருசந்தி! மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதாம். காபி எந்த நாள்லயும் கிடையாதாம். மீசை கூட சரியா முளைக்கல, சபையில இவனுங்களுக்குப் பேரு மூப்பருங்களாம்! வேற நாளே கெடைக்கலியாடா உங்களுக்கு?" என்றார். அவர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்து நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கிக் கோயம்புத்தூருக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களாம், ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் செய்ய மாட்டார்களாம், அதனால் திருச்சியில் தங்கி, நீ கொடுத்த போட்டோவையும் கடிதத்தையும் கொடுக்க வந்தார்களாம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள் அண்ணே. அழுத கண்ணோடு சிரித்தாள். அந்த நேரம்தான் அப்பா வந்தார். சைக்கிளையும் காய்கறிப் பையையும் சந்தையிலேயே போட்டுவிட்டு, ஒரு காலில்தான் செருப்பு. யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே உடைந்து கிடந்த உன் போட்டோவைத்தான் பார்த்தார். "என் வாய்தாண்டி அவனக் கொன்னுடுச்சு, நாந்தாண்டி சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்று வாயிலேயே அடித்துக்கொண்டார். அற்புதசாமி மாமா அவர் இரண்டு கையையும் பிடித்து, "அண்ணே, ரத்தினம் நல்லா இருக்கான், அவன் எழுதின லெட்டர் இந்தா" என்று கத்த வேண்டியிருந்தது. அப்பா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அந்தப் பசங்க எப்ப சாப்பிடுவாங்களாம்?" என்று கேட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிடலாமாம் என்று மாமா சொன்னார். "அப்ப சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொல்லு" என்றார் அப்பா.

பிறகு உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த சைக்கிளைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா செயினைத் துடைத்தார். நீ இருட்டோடு எழுந்து படிப்பதையும், கூட்டாளியோடு இருவராகவே எங்கும் போவதையும், திங்கட்கிழமை துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் படியேறுவதையும் படித்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு தெரு முழுக்க யாரும் கதவைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் அம்மா, "இங்க வந்திருந்தா நான் தொறந்திருப்பேனே" என்றாள். வியாழக்கிழமை நாய் உன் கால்சட்டையைக் கவ்வியதைப் படித்தபோது அப்பாவின் கை நின்றது. "கடிச்சுதான்னு கேளு" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். கடிக்கவில்லை, துணிதான் கிழிந்தது என்று எழுதியிருக்கிறான் என்றேன். மறுபடி துடைத்தார். மழைக்கு நீ ஒதுங்கிய சீனக் கிழவியின் வீட்டில் கூரை ஒழுகலை அடைத்துக் கொடுத்தாயாமே, சனிக்கிழமை நீ வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு உன் கூட்டாளி மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் கேட்டாராமே. நீ பிச்சையும் எடுக்கவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சுப் பாரம் இறங்கியது. மாதம் ஒரு நாள் பட்டினியைப் பற்றி மட்டும், தண்ணீராவது குடிக்கக் கூடாதா என்று கேட்கச் சொல்கிறாள்.

சாயங்காலம் இட்லியும், காபிக்குப் பதில் பனங்கற்கண்டு போட்ட பாலும் கொடுத்தோம். செம்பட்டைத் தலையர் இடது கையால் சாப்பிட்டார், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள். புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும் என்று மாமா இருவருக்கும் சொல்லிக் கொடுத்தார், வாசல்படியில் நிறுத்தி மூன்று தடவை சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். மறுநாள் அம்மா ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் காவிரியில் முழுகிவிட்டு வந்தாள். நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் உன்னைக் கேட்டு வாங்கியது ரெங்கநாதரிடம்தானாம், அவருக்கும் ஒரு தகவல் சொல்ல வேண்டுமாம். கோபித்துக்கொள்ளாதே.

அன்றிலிருந்து அப்பா எங்களிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதலாம் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை உன் போட்டோவைக் காணோம், கிழித்துவிட்டாரோ என்று நாங்கள் குப்பைக் குழியில்கூடத் தேடினோம். நேற்றுத்தான் அற்புதசாமி மாமா சொன்னார், ஒர்க் ஷாப்பில் அப்பாவின் டூல்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதாம், பெட்டி திறந்திருக்கும்போது யாரும் கிட்டே போகக் கூடாதாம். இன்று காலை அம்மா கழுவுவதற்காக அப்பாவின் தூக்குச்சட்டியைப் பையிலிருந்து எடுத்தபோது அடியில் ஓர் ஏர்மெயில் கவர் இருந்தது, தபால்தலை ஒட்டி, உள்ளே மெல்லிய தாள்களும். அந்தத் தாளில்தான் எழுதுகிறேன். அவர் உன்னைத் திட்டி எழுத வாங்கினாரா, எங்களுக்கென்று வைத்தாரா, ஒன்றும் தெரியவில்லை. எடுத்தது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குப் பயமே இல்லை. கடைசித் தாளில் நாலு விரல் இடம் விடு என்கிறாள். யாருக்கு என்று கேட்டால், "விடுன்னா விடு" என்கிறாள்.

பதிலை வீட்டுக்குப் போடாதே, மறந்துவிடாதே, என் கூடப் படிக்கும் ஜீனத் வீட்டு முகவரிக்குப் போடு, அதைக் கவரின் பின்பக்கம் எழுதுகிறேன். அம்மா இன்னொன்றும் சொல்கிறாள், உன் ஊழியம் முடிந்ததும் நீ நேராக

அண்ணே, கதவு தட்டுகிறது. ஷிப்ட் முடியும் சங்கு இன்னும் ஊதவில்லை. அப்பா ஒரு நாளும் தட்ட மாட்டார், கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு "சந்திரா, தாப்பாள எடு" என்று கத்துவார். இன்று மெதுவாகத் தட்டிவிட்டுச் செருமுகிறார், அது அப்பாவின் செருமல்தான். தாளை ஒளிக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து வேண்டாம் என்கிறாள், எழுந்து போகிறாள், தாழ்ப்பாளை எடுக்கிறாள், நான் இதற்குக் கீழே அப்பாவுக்கு நாலு விரல் இடம் விட்டு