கோடை விடுமுறைக்கு ஒரு தோணி

பனிமய மாதா துணை

தூத்துக்குடி
18.5.1977

அன்புள்ள கிளாடிசுக்கு வளன் எழுதுவது.

நானும் பிளாரியும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நீ இறந்தவர்களுக்கான பூசையே வைத்துவிட்டாய் போலத் தெரிகிறது.

பயிற்சி வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், சனிக்கிழமை மதுரையிலிருந்து ரயிலேறி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏளா, உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது? பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. மருத்துவச்சிப் பயிற்சிக்கு அந்த ஆஸ்பத்திரியில் இடம் வாங்க நாம் எத்தனை பேர் வாசலில் நின்றோம்? பாதியில் விட்டுவிட்டு வந்தவளை மறுபடி சேர்க்க மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

பிள்ளையைக் கடல் கொண்டுபோகப் பார்த்தது என்று உனக்கு எழுதியது மணப்பாட்டில் இருக்கும் என் அக்கா அமலோற்பவம்தான் என்று தெரியும். அவளுக்கு யாரோ பஸ்ஸில் சொன்னார்களாம். பஸ்ஸில் சொன்னவன் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லியிருக்கிறான். நடந்ததை நான் எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். படித்துவிட்டு முடிவு பண்ணு.

ஏப்ரலில் கான்வென்ட் பள்ளிக்கூடத்தை விடுமுறைக்குப் பூட்டிய அன்றே ஆள் தேட ஆரம்பித்தேன். ஆறு வயதுப் பிளாரியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியுமா? நம் இரண்டு பேருக்கும் தாய் இல்லை. மதர் சுப்பீரியரிடம் போய்க் கேட்டேன். சிஸ்டர்கள் எல்லாரும் தியானத்துக்குப் போகிறார்கள் என்று கையை விரித்துவிட்டார். ரயில்வே காலனியில் ஒரு அம்மாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் சம்பளத்தில் பாதியைக் கேட்டாள். பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு நாங்கள் எதைச் சாப்பிடுவது?

பிறகு பக்கத்து வீட்டுச் சீனித்தாய் உப்பளத்துக்குத் தன் பிள்ளைகளோடு இவளையும் கூட்டிப் போனாள். பாவம், நல்ல மனசு. ஆனால் கோடைதான் உப்பு வாருகிற காலம், அவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இரண்டாம் நாளே பிளாரியின் பாதம் உப்புத் தண்ணீரில் வெந்துபோயிற்று. மறுநாள் நானே துறைமுகத்துக்குக் கூட்டிப் போய், மூட்டை எண்ணுகிற இடத்தில் உட்கார வைத்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை நான் ஒருபக்கம் எண்ண, இவள் ஒருபக்கம் உரக்க எண்ண, எனக்குக் கணக்குத் தப்பி, சூப்பர்வைசர் இது துறைமுகமா பாலர் பள்ளியா என்று கத்தினார்.

அக்காவிடமும் கேட்டேன். வைத்துக்கொள்கிறேன், ஆனால் இனிமேல் பிள்ளை இங்கேயே படிக்கட்டும், பொம்பளை இல்லாத வீட்டில் பொம்பளைப் பிள்ளை வளரக் கூடாது என்றாள். பெற்றவள் மதுரையில் ஊரார் பிள்ளைப்பேறு பார்க்கிறாள், பெற்ற பிள்ளை தெருவில் நிற்கிறது என்றும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் போட்ட காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அதில் அவளுக்கு வந்த கோபம்தான் இப்போது உனக்குக் கடிதமாக வந்திருக்கிறது.

அப்போதுதான் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பி, கொழும்புக்குப் போகிற தோணிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கரையேறின. உன் பெரியப்பா மகன் ரோச் மச்சானின் தோணியும் பழைய துறைமுகத்துப் பக்கம் மணலில் முட்டுக்கொடுத்து நின்றது. தோணியை நடத்துகிற தண்டலுக்கு அது ஓடாத காலத்தில் வேறு என்ன வேலை? பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் பஞ்சுத்திரி அடித்து, மீனெண்ணெயில் குழைத்த குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தார். ஒருநாள் பிளாரியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு எங்கே விடுவது என்று தெரியாமல் அந்த வழியாகப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே, ஏலே மாப்பிள்ளை, பிள்ளையை இங்கன எறக்கிட்டுப் போலே, நான் என்ன கொழும்புக்கா போறேன் என்றார்.

தோணியில் பொம்பளை கால் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவருடைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். அதிலும் இஞ்ஞாசி என்கிறவன், அடுத்த பயணத்தில் காற்று நம்மைக் கைவிட்டுவிடும் என்று உளியைக் கீழே போட்டுவிட்டான். மச்சான் அசரவில்லை. சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக் கடலில் எறக்குத வரைக்கும் இது தோணி இல்லலே, வெறும் மரம், மரத்துல எந்தப் பிள்ளை ஏறினா உனக்கென்ன என்றார். இஞ்ஞாசி குனிந்து உளியை எடுத்துக்கொண்டான். ஆடி கழித்துத்தான் தீர்த்தம் தெளிப்பார்கள். அதற்கு முன்பே ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

அன்றிலிருந்து காலையில் அங்கே விடுகிறேன், வேலை முடிந்து அழைத்துப் போகிறேன். கூலி என்ன என்று கேட்டதற்கு மச்சான் என்னை அடிக்க வந்தார். சனிக்கிழமைதோறும் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கிக் கொடுக்கிறேன், அதைமட்டும் வாங்கிக்கொள்கிறார். மத்தியானம் அவர் சம்சாரம் சோறு கொண்டுவந்து, ஆட்களுக்குப் போடுமுன் இவளுக்கு ஊட்டிவிடுகிறாள். பிளாரி பஞ்சுத்திரி உருட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அவள்மேல் மீனெண்ணெய் நாற்றம், சீயக்காய் தேய்த்தாலும் போவதில்லை. எனக்குச் சடை பின்ன வராது என்பது உனக்குத் தெரியுமே. முறைத்துக்கொண்டிருந்த அதே இஞ்ஞாசிதான் ஒருநாள் இவள் தலையைப் பிடித்துவைத்துக் கயிறு முறுக்குவதுபோலப் பின்னிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைவரை அவிழவில்லை! பிறகு அதை அவிழ்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் ஒருநாள் கோதுமைக் கப்பலில் வேலை முடியத் தாமதமாகிவிட்டது. நான் போகும்போது ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிளாரி எங்கே என்றேன். இங்கேதானே இருந்தாள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். அவள் செருப்பு மட்டும் தண்ணீர் ஓரமாகக் கிடந்தது. மச்சான் உடுத்த கைலியோடு கடலில் பாய்ந்துவிட்டார். இஞ்ஞாசி மாதாவே மாதாவே என்று கரைநெடுக ஓடினான். நான் மணலில் நின்று, உனக்கு என்ன சொல்வேன் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தோணியின் அடிக்கூட்டிலிருந்து எட்டிப்பார்த்தாள் உன் மகள். மடித்துவைத்த பாய்மரச் சீலைமீது படுத்துத் தூங்கியிருக்கிறாள். ஏன் எல்லாரும் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டாள். நனைந்த துணியோடு மணலில் உட்கார்ந்து மச்சான் அழுத அழுகையை நான் பார்த்தேன். என் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலையில் பிளாரியின் இடுப்பில் நீளமாக ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார் மச்சான். முத்துக்குளிக்க முங்குகிறவன் தன் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பி கையில்தானே கொடுப்பான்? தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று அவன்தான் கண்ணை எடுக்காமல் பிடிப்பான். என் தங்கச்சி பிள்ளை, நான் பிடிக்கேன், நீ வேலைக்குப் போலே என்றார். இப்போது அவர் சுருட்டுப் பற்றவைக்கப் போனாலும் பின்னாலேயே இவள் போகிறாள், ஊரே பார்த்துச் சிரிக்கிறது. அவர்களுக்கு என்ன, சிரிக்கட்டும்.

நம் மூத்தது பிறந்த அன்று, நல்ல மருத்துவச்சி ஒருத்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனதே, அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கரையில் இன்னொருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது என்றாய். அதற்குத்தான் நீ போனாய். அக்கா எழுதிய நாலு வரிக்காக அதை விட்டுவிடுவாயா?

பிளாரி உன்னைக் கேட்கிறாள். கேட்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். விளக்கு ஏற்றியதும் கேட்பாள். உன் பழைய சேலை ஒன்றைத்தான் விரித்துப் படுக்கிறாள். அதைத் துவைக்கக் கூடாதாம். ஒரு ஓரத்தில் எனக்கும் இடம் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே சனிக்கிழமை நீ வராதே, கிளாடிஸ். உன்னைப் பார்க்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? நீ ரயிலைவிட்டு இறங்கிப் பிளாரியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றால், திரும்பிப் போ என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வராதே. பரீட்சை எழுதிவிட்டு வா.

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன்
வளன்

இஞ்ஞாசியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான். அவன் சம்சாரத்துக்கு ஆவணியில் பேறுகாலம். நீ வந்துவிடுவாய்தானே என்று கேட்கிறான். வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன்.