டொலறஸ் வீட்டிலிருந்து ஒரு நற்சான்று

குட்மேய்ஸ்,
11 ஒக்டோபர் 1992, ஞாயிறு

அன்பு மகள் இசபெலுக்கு,

மாதாவின் துணையால் அப்பா, தம்பி அன்ரன், நான் எல்லோரும் சுகம். நீயும் சுகமென்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு பக்கக் கடிதத்தில் களைப்பு, களைப்பு என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பதால் நான் நம்பவில்லை. பரீட்சை பாஸ் பண்ணி, இன்னொருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டிய வருடத்தையும் முடித்து, அமெரிக்காவில் அந்த மாநிலத்தில் ஓடியோலஜி, அந்தக் காதுச் சோதனை வேலை, செய்வதற்கான லைசென்ஸுக்கு எல்லாம் அனுப்பிய பிறகு, சிறுவயது முதல் உன்னை அறிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் நற்சான்று இல்லையென்று ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கேட்கவும் ஆளில்லையாம், இனி ஏலாதாம், லண்டனுக்கே வந்து ஏதாவது கடையில் நிற்கப் போகிறாயாம். வாசித்துவிட்டு அப்பா, பாவம் பிள்ளை என்றார். எனக்குப் பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது. நீ கடையில் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்பது உனக்கு மறந்துபோயிற்றா?

மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். அருட்பிரகாசத்தாரின் மூத்த மகனுக்கு உன்னைப் பேசி முடிக்கிற நேரம், அன்ரன் காதில் கேட்கிற மெஷினோடு வந்து கேக் தட்டை நீட்டியதைக் கண்டதும் அவருடைய மனைவி டொலறஸின் முகம் மாறியது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கிற சனத்துக்கு நடுவில் நின்று, "செவிட்டுக் குடும்பத்திலை பொம்பிளை எடுத்தால் பேரப்பிள்ளையளை மணி அடிச்செல்லோ கூப்பிடவேணும்" என்று சொல்லிச் சிரித்தாள். தூரத்தில் நின்ற அன்ரனுக்கு அது கேட்டிருக்காது என்று நாங்கள் நினைத்தோம். அவன் அவளுடைய உதட்டைப் பார்த்தே விளங்கியிருக்கிறான், வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அந்தக் கிழமை முழுக்க மாட்ட மாட்டேன் என்று நின்றான். அதற்குப் பிறகுதான் நீ காதைப் பற்றியே படிக்கப் போகிறேன் என்று அமெரிக்காவுக்கு வெளிக்கிட்டாய். அப்பா எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார், அவர் அப்படித்தான். நான் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் இதை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், சொன்னால் சுவாமியார் மன்னிக்கச் சொல்வார்.

இனிக் கேள். ஓகஸ்ட் மாதம் அருட்பிரகாசத்தார் போன் எடுத்தார். டொலறஸுக்குக் காது கொஞ்சம் மந்தமாம், ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், அவளுக்கு இங்கிலிசு போதாதாம், நான் அன்ரனைக் கொண்டு திரிந்து பழகின ஆளாம், துணைக்குப் போக ஏலுமோ என்று கேட்டார். இளைய மகளுக்கு வால்தம்ஸ்டோவில் சம்பந்தம் பேசுகிறோம், வெளியில் தெரியவேண்டாம் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் உடனே ஓம் என்றேன். உதவி செய்ய இல்லை மகள், கண்ணால் பார்க்க. கலியாண வீட்டுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று மணியை அடித்தேன், ஒருவரும் வரவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தரம் அடித்தேன். கதவு பூட்டியிருக்கவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் எனக்கு அடித்துக்கொண்டே நிற்கவேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ கேட்டால் சிரிப்பாய். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவளை இருத்தி, காதில் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமத்தச் சொன்னார்கள். இவள் அதைப் பாஸ் பண்ண வேண்டிய பரீட்சை என்று நினைத்துவிட்டாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெருவிரலால் அமத்துகிறாள், அமத்திக்கொண்டே இருக்கிறாள், நடுவில் என்னைப் பார்த்து ஒரு பெருமிதச் சிரிப்பு வேறு. அன்ரனின் டெஸ்டுகளில் இருந்து பழகின எனக்கு உடனே விளங்கிவிட்டது, வாய் திறக்கவில்லை. டெஸ்ட் எடுத்த பிள்ளை நிற்பாட்டி, சத்தமே போடாத நேரத்திலும் அமத்துகிறார், தயவுசெய்து விளங்கப்படுத்துங்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் அறைக் கதவைத் திறந்துவைத்து, வெளியில் காத்திருந்த சனத்துக்கும் கேட்கத்தக்கதாக, "கேட்டால் மட்டும் அமத்துங்கோ டொலறஸ், கேக்காட்டில் சும்மா இருங்கோ" என்று தமிழில் கத்தினேன். அதற்குப் பிறகு அவள் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். அந்தச் சிரிப்பும் போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

பிறகு அவளுக்கும் மெஷின் கொடுத்தார்கள், அன்ரன் போடுகிற அதே நிறம். தலைமயிரை இழுத்து மூடிக்கொண்டு திரிகிறாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் அதற்கும் ஒரு வேளை வந்தது. யோசித்துப் பார், லண்டனில் நம்மை அறிந்தவர்கள் எல்லோரும் பெண் கொடுத்தும் எடுத்தும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். உன் ஞானஸ்நானத்திலிருந்து உன்னை அறிந்தும் சொந்தமாகாமல் நிற்கிறவர் அருட்பிரகாசத்தார் ஒருவர்தான், அதுவும் டொலறஸ் சம்பந்தத்தைக் குழப்பின புண்ணியத்தில். மன்னாரில் ஜே.பி.யாக, சமாதான நீதவானாக இருந்தவர், அந்த முத்திரையை இன்னமும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை போய் அவர்கள் வீட்டு செற்றியில் இருந்தேன். ஒரு சொல்லும் மிரட்டவில்லை. என் மகளின் குணத்துக்கு உங்களுடைய கையெழுத்து வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், அவள் என்னைப் பார்த்தாள், அவர் எழும்பிப் போய்ப் பேனையை எடுத்தார்.

எழுதி முடித்ததும் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னேன், உரக்க. இசபெல் நல்லொழுக்கமான பிள்ளை, அவளுடைய குடும்பம் மதிப்புள்ள குடும்பம், அதை நான் நீண்டகாலமாக அறிவேன் என்று அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, டொலறஸ் மெஷினோடு பக்கத்தில் இருந்து கேட்டாள். முத்திரையும் குத்தினார், அமெரிக்காவில் அதற்கு மதிப்பிருக்கிறதோ தெரியாது, எனக்கு இருக்கிறது. நான் வெளிக்கிடும்போது அவள் மெதுவாக, இந்த மெஷின் ஒரே இரையுது, இசபெல் வந்தால் ஒருக்கால் பாப்பாளோ என்று கேட்டாள். "லைசென்ஸ் கிடைச்சால் பாப்பாள், ஆனால் அது அந்த மாநிலத்துக்கு மட்டும்தான், நீங்கள் விசா எடுத்துக்கொண்டு அங்கை போகவேணும்" என்றேன். அப்பா இதைக் கேட்டுவிட்டு, உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையோ பிலோமினா என்றார். இருக்கிறது, அதை அன்ரனுக்குச் செலவழித்து முடித்துவிட்டேன்.

நற்சான்று இதனுடன் இருக்கிறது. கிடைத்த அன்றே ஃபைலில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு, நாளைக்கு என்று தள்ளாதே. இரவில் பாணும் ஜாமும் தின்றுவிட்டுப் படுக்காமல் சோறு காய்ச்சிச் சாப்பிடு, களைப்பு அதில்தான் பாதி. அன்ரன் உனக்கு ஒரு கசெட் பதிந்து அனுப்புகிறானாம். ஆண்டவர் உன் கையையும் காதையும் கருத்தையும் காத்து நடத்தட்டும், மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். லைசென்ஸ் வந்ததும் முதலில் எனக்குப் போன் எடு. அன்றைக்கு அவர்கள் வீட்டு மணியை நானே போய் அடிப்பேன். இப்போது அவளுக்குக் கேட்கும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
பிலோமினம்மா சவிரிமுத்து