யூரியா போடாத துண்டு

தை 6, செவ்வாய்

காலையில் மப்பு. மழை இல்லை. பஸ் பிந்தியது.

பின் சீட்டில் ஒருவர்: "என்ர தியறி என்னெண்டால், டிரைவருக்குப் புளியங்குளத்தில ஒரு ஆள் இருக்கு." ஆதாரம்: டிரைவர் சவரம் செய்திருந்தார். எவரும் மறுக்கவில்லை.

பத்தாம் வகுப்பு. கலக் கொள்கை, அதாவது செல் தியறி. சுகந்தி எழும்பினாள்: "கொள்கை எண்டால் இன்னும் நிரூபிக்கேல்லையோ, ரீச்சர்?"

மற்றப் பிள்ளைகளுக்குத் தியறி என்றால் ரியூசனில் பேப்பர் கிளாசுக்கு முன்னால் நடக்கும் பாட வகுப்பு. அவளுக்குச் சொன்னேன்: பஸ்ஸில் சொல்வது ஊகம். எங்கே பிழைக்கும் என்று முதலே சொல்லி, பலர் பல காலம் பிழை பிடிக்கப் பார்த்தும் விழாமல், பல விடயங்களை ஒன்றாக விளக்கி நிற்பது கொள்கை. எழுதிக்கொண்டாள். சொல்வது சுலபம்.

பின்னேரம் வயல். பயிருக்குள் வட்டமாக மஞ்சள், இரண்டு இடத்தில். மூன்று ஏக்கர். இந்தக் காலபோக நெல் போனால் வருடம் முழுக்கக் கடை அரிசி.

தை 7, புதன்

மஞ்சளுக்குக் காரணம், இன்று கிடைத்தவை:
கீழ் வயல் கணேசண்ணை: யூரியா காணாது.
உரக்கடைக்காரர்: யூரியா காணாது. (விற்பவர்.)
என் கணவர் நேசன்: கணேசண்ணை சொன்னது.
நான்: யூரியா காணாது. (விஞ்ஞானப் பட்டதாரி.)

இங்கே வயல் மஞ்சளானால் முழு வயலுக்கும் யூரியா எறிவது வழக்கம். பச்சையானால் யூரியா வேலை செய்தது. காய்ந்தால் யூரியா போதவில்லை. எப்படியும் யூரியா தோற்பதில்லை.

நான் கேட்டது ஒன்று. ஒரு மஞ்சள் வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தத் துண்டுக்கு மட்டும் போடாமல் விடுவது.

நேசன்: "உம்மட தியறியைப் பள்ளிக்கூடத்தில வையும். ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு மற்றதைப் பட்டினி போடுறதோ?"

"ஓம். ஒரு கிழமைக்கு."

உடுப்புக் கொடியை அவிழ்த்துக்கொண்டு போய்க் கட்டினேன். மிச்ச வயலுக்கு நேசன் யூரியா எறிந்தார்.

தை 11, ஞாயிறு

நல்ல வெயில். உடுப்பெல்லாம் வேலியில். பால்மா, நெருப்புப்பெட்டி வாங்க. வினாத்தாள் கட்டு தொடவில்லை. வயலுக்கும் போகவில்லை. பயம்.

தை 13, செவ்வாய்

யூரியா போட்ட வட்டம் இரண்டு மடங்கு. நடுவில் வைக்கோல். கயிற்றுக்குள் இருந்தது கொஞ்சம் பெருத்திருக்கிறது, அவ்வளவே.

என் ஊகம் பிழை.

குனிந்து அடித்தண்டைப் பிரித்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, தூள் கொட்டியது போலக் கபில நிறத்தில் பூச்சி. அறக்கொட்டியான். அடியில் இருந்து சாறு குடிப்பது. யூரியாவில் பயிர் கொழுத்தால் அதற்கு விருந்து. ஆறு நாளாகப் பரிமாறியிருக்கிறோம்.

நேசனும் இறங்கி ஒரு தண்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு: "கயிறு இல்லாட்டி இன்னும் ஒரு மூட்டை எறிஞ்சிருப்பன்." மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

விவசாயப் போதனாசிரியருக்குக் கோல் எடுத்தேன். "தண்ணியை உடன வடியுங்கோ. பயிரை நிரை நிரையா விலத்தி வெயில் விடுங்கோ."

சிக்கல்: எங்கள் தண்ணீர் கணேசண்ணையின் வயலால்தான் வடிய வேண்டும். அவர் வரம்பை வெட்ட விடமாட்டார். நாளை அவர் யூரியா எறிகிறார்; எங்கள் தண்ணீர் ஓடினால் அது கழுவுப்பட்டுப் போகும். அவர் வயலிலும் மஞ்சள்.

தை 14, புதன்

அரைநாள் லீவு. மப்பு. கணேசண்ணை சைக்கிளில் மூட்டையோடு வந்தார்.

"அண்ணை, எறியாதேங்கோ."

"போன கிழமை நீங்களும் யூரியா எண்டுதானே சொன்னனீங்கள், ரீச்சர்?"

"சொன்னனான். பிழை."

"இப்ப சொல்லுறது மட்டும் சரியோ?"

"பாப்பம். சரியெண்டால் உங்கட மஞ்சளுக்கு அடியிலயும் பூச்சி இருக்கும். இல்லாட்டி மூட்டையை நானே தூக்கித் தாறன். பிறகு உங்கட வரம்பைப் பற்றிக் கதைக்க மாட்டன்."

"ரீச்சர் மூட்டை தூக்குறதைப் பாக்கவெண்டாவது இறங்கத்தான் வேணும்."

சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினார். பின்னால் நான். அவர் வயலை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. பூச்சி இல்லாவிட்டால் எங்கள் மூன்று ஏக்கரும் தண்ணீருக்குள் நின்று காயும்.

குனிந்தார். தண்டுகளுக்குள் கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் கபிலத் தூள் ஊர்ந்தது.

"மண்வெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ," என்றார். "வரம்பை எந்தப் பக்கத்தால வெட்டுறது?"