ரொறொன்ரோவுக்கு ஒரு முழமும் நாலு விரலும்

அன்புள்ள அப்பா,

இந்தச் சாமத்தில் உங்களை எழுப்புகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் பேத்தி துளசி இப்போதுதான் உறங்கினாள். விடிய நாலு மணிக்கு பஸ்.

கொழும்பில் விசா நேர்முகம் நாளை மறுநாள். உங்கள் அந்தியேட்டியும் நாளை மறுநாள்தான். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் அன்றைக்குத்தானா வந்து விழ வேண்டும்? பாதை மூடி இரண்டு தடவை நேர்முகம் தவறியது உங்களுக்குத் தெரியும். இம்முறையும் போகாவிட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்களாம். ஆமி தந்த பயணப் பாஸும் நாளைக்கு மட்டும்தான்.

எல்லாம் உங்களால் வந்தது. நீங்கள் வேலை செய்த துறைமுகக் கந்தோரில் கழித்துவிட்ட உலகப்படத்தைச் சுவரில் ஒட்டி, அம்மாவின் தையல் நூலைக் கொழும்பில் பிடித்து ரொறொன்ரோ வரை இழுத்தீர்கள். "ஒரு முழமும் நாலு விரலும். இதென்ன தூரம் மகள்? பிளேனில நித்திரை கொண்டெழும்ப இறங்கிடலாம்." இப்படிச் சொல்லித்தானே கல்யாணத்துக்குத் தலையாட்ட வைத்தீர்கள்?

புவியியல் படித்தவள் சும்மா இருப்பேனா? தோடம்பழத்தில் நூலைச் சுற்றிக் காட்டினேன்.

"பூமி உருண்டை அப்பா. பிளேன் வடக்கால வளைஞ்சு போகும். உங்கட அளவு பிழை."

"வளைஞ்சு போனாலும் போய்ச் சேரும்தானே?" என்று நூலில் முடிச்சுப் போட்டீர்கள். தோடம்பழத்தையும் உரித்துத் தின்றீர்கள்.

வளைவை விடுங்கள். நூலைக் கொழும்பில் தொடங்கினீர்களே, அங்கேதான் பிழை விட்டீர்கள். அன்புவழிபுரத்தில் நம் வீட்டுப் படலையிலிருந்து கொழும்பு வரை ஆர் அளக்கிறது? உங்கள் மருமகனும் அதையே செய்கிறார். நேற்று ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில், "கொழும்பென்ன பெரிய தூரமே? போயிட்டு அண்டைக்கே திரும்பி வாருமன்" என்றார். கல்யாணம் முடித்துத் திரும்பிப் போன ஐந்து வருஷத்தில் நம்முடைய செக்பொயின்டுகளை எல்லாம் மறந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை வைத்துவிட்டேன்.

அம்மா முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. "ஒரே பிள்ளை. முப்பத்தொண்டுக்கு நிக்காமப் போனா சனம் என்ன கதைக்கும்?" சித்தப்பாதான், "கிரியை நான் செய்வன், நீ வெளிக்கிடு" என்கிறார். யாருடைய சொல்லைக் கேட்பது?

இன்று பின்னேரம் துளசி கதிரையில் ஏறி உங்கள் நூலைப் படத்தில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, எங்கட வீட்டில இருந்து கொழும்பு என்ர சின்னி விரல் நகத்தளவுதான்! பிறகேன் போகேலாது?"

அவளுக்கு நாலு வயது. தன் அப்பாவின் முகத்தை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

அதனால் போகிறேன் அப்பா. நூல் என் கைப்பையில் இருக்கிறது. அடுத்த வருஷம் வரும் உங்கள் ஆட்டைத் திவசத்தை ரொறொன்ரோவில் என் கையால் சமைத்துப் படைப்பேன். இது சத்தியம். அவ்வளவு தூரம் உங்களால் வர ஏலுமா என்று மட்டும் தெரியவில்லை. வளைந்தென்றாலும் வந்து சேருங்கள்.

நான் போகட்டா? நாலு மணிக்கு முன் பதில் சொல்லுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
துளசியின் அம்மா