இரண்டு கரைக்கும் ஒரே பட்டறை

எல்ஸ்பி
செப்டம்பர் 18, 2007

அன்புள்ள பெவ்,

இந்த நடுநிசியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். என் குழந்தை மேகன் இப்போதுதான் கண் அசந்தாள். அவள் இருமிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பேனா பிடிக்க வராது. காலையில் பட்டறைக்குப் போனதும் இதை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். மாலையில் நீங்கள் வரும்போது கண்ணில் படும்.

ஒரே பட்டறையில் நான் காலையிலும் நீங்கள் மாலையிலும் வேலை செய்கிறோம், ஆனால் நாம் பேசிக்கொண்டது திறப்பு விழாவன்று மட்டும்தான். உங்கள் ஹார்கோட் மேயரும் எங்கள் எல்ஸ்பி மேயரும் ரிப்பனை யார் வெட்டுவது என்று முறைத்துக்கொண்டு நின்றார்களே! ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்து, இரண்டு பக்கமும் வெட்டி, நடுத்துண்டு தரையில் விழுந்தபோது நீங்கள் என் காதில், "ரெண்டு ஊரும் சேர்ந்து செஞ்ச மொத வேலை. பாரு, குப்பை" என்றீர்கள். அதை நினைத்து அன்று வீட்டில் தனியாகச் சிரித்தேன். மேகனின் அப்பா போனதற்கப்புறம் இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஆத்துக்கு வடகரையில ஒருத்தர், தென்கரையில ஒருத்தர். ரெண்டு பேரும் பின்தங்கின தெருவா இருக்கணும். ஜோடியா வந்தாத்தான் வாடகையில்லாத பட்டறை" என்று இரண்டு ஊரும் சேர்ந்து நடத்தும் உதவித் திட்ட அலுவலகத்தில் மிஸ்டர் பிக்கரிங் சொன்னபோது பயந்தேன். முகம் தெரியாத ஆளோடு எப்படி ஒட்டும் என்று. இப்போது நான் காலையில் வெட்டி வைத்துவிட்டுப் போகிற மெத்தை உறைகள் மறுநாள் தைத்து அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல ஒரு நினைப்பு.

குறை ஒன்றும் உண்டு. ரேடியோவை உங்கள் ஊர் கால்பந்தாட்டத்திலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். அப்புறம், அலமாரியில் பாதி இஞ்சி கேக் இருக்கிறது. எனக்கா? கேட்காமல் தொட மனமில்லை.

அன்புடன்,
ஹேலி


பட்டறை
வியாழன் மாலை

ஹேலி கண்ணு,

கேக் உனக்குத்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் மிஞ்சியது. இதற்கெல்லாம் கடிதம் போட்டுக் கேட்பது வடகரைப் பழக்கம் போலிருக்கிறது. எங்கள் பக்கம் தின்றுவிட்டுத்தான் கேட்போம்.

ரேடியோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் அணி என்றைக்காவது ஒரு கோல் போட்டால் சொல்லு, மாற்றுகிறேன்.

கோடு போட்ட துணியில் கோட்டோடு கோடு சேருகிற மாதிரி வெட்டியிருக்கிறாய். விடுமுறைக்குக் கேரவன் வண்டியில் வந்து தங்குகிறவன் ஈர நீச்சலுடையோடு உட்காரப் போகிறான், அவன் அதைப் பார்க்கமாட்டான். நான் பார்த்தேன்.

குழந்தைக்கு என்ன, சளியா? சுவர் ஈரமாக இருந்தால் கட்டிலைத் தள்ளிப் போடு. இரவில் பயமாக இருந்தால் எழுது. என் மகன் கனடாவில் இருக்கிறான். எனக்கும் வீட்டில் பேச்சுத் துணை டிவிதான், அது எதிர்த்துப் பேசாது.

பாலத்தைத் தூக்கிவிட்டால் கப்பல் போகும்வரை நான் அந்தப் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. வந்து சேரும்போது இருட்டிவிடும். விளக்கை எரியவிட்டுப் போ.

பெவ்


எல்ஸ்பி
நவம்பர் 27

அன்புள்ள பெவ்,

இன்று விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டதற்கு நீங்கள்தான் காரணம்.

நல்ல செய்தி முதலில். சாண்ட்ஹேவன் கேரவன் முகாம் வைத்திருக்கும் தார்ப் வந்திருந்தார். மெத்தை உறையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு தச்சது?" என்றார். தென்கரைக்காரர் என்றேன். "அப்ப வெட்டினது நீ. ரெண்டு ஊர்க்காரங்களும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்காம துணிய வெட்டினா இப்படித்தான் வரும் போல" என்று சிரித்தார். ஈஸ்டருக்குள் முகாம் முழுவதற்கும் உறை வேண்டுமாம். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எத்தனை உறை என்று கணக்குப் போட்டேன். முடியுமா பெவ்?

மேகனுக்கு மூச்சில் விசில் கேட்கிறது. படுக்கையறைச் சுவரில் பூசணம் மறுபடி ஏறிவிட்டது. துடைத்தால் ஒரு வாரம் தாங்கும். "மருந்து குடுக்கலாம், சுவருக்கு நான் மருந்து குடுக்க முடியாதே" என்கிறார் டாக்டர். வேறு வீடு கேட்டு நகரசபையில் எழுதி வைத்து அவள் வயது அளவு காலம் ஆகிறது. இரவெல்லாம் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோல.

கேக்குக்கு நன்றி. கேட்காமலே தின்றேன்.

ஹேலி


பட்டறை
ஜனவரி 24, 2008

ஹேலி கண்ணு,

முடியும். எப்படி என்று கேள்.

பள்ளிக்கூட வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி விடுமுறையோடு கடைசி. தலைமைச் சமையல்காரி க்ளெண்டா என்னை, "அம்பது வயசுல முதலாளியாகப் போறியா?" என்று கேட்டாள். "பாதி முதலாளி. மீதி முதலாளி இன்னும் பால்புட்டி கழுவிக்கிட்டிருக்கா" என்றேன்.

அதற்கப்புறம் நானும் காலையிலேயே வருவேன். உன் மேசையைச் சன்னல் பக்கம் தள்ளினால் நீ வெட்டும்போதே நானும் தையல் இயந்திரத்தில் உட்கார இடம் கிடைக்கும். இனி கடிதம் தேவையில்லை, நேரிலேயே சண்டை போடலாம். குழந்தையையும் ஒரு நாள் தூக்கி வா. இத்தனை நாள் இருமலை மட்டும்தான் தெரியும்.

பெவ்


எல்ஸ்பி
பிப்ரவரி 5

அன்புள்ள பெவ்,

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது காகிதமே தீரப்போகிறது.

வீடு கிடைத்திருக்கிறது. பீச்வுட் சாலையில், மேட்டில். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கையை எடுக்கவே மனமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

சந்தோஷமாக மிஸ்டர் பிக்கரிங்கிடம் சொல்லப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நல்ல வீடும்மா. எடுத்துக்கோங்க. ஆனா பட்டறை போயிடும்."

"ஏன்? நான் அதே ஆள்தானே? பஸ்ல வரப்போறேன், அவ்வளவுதானே?"

"பீச்வுட் சாலை பின்தங்கின தெரு இல்ல. உதவி தெருவுக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல."

"பெவ் தெரு மாறலையே?"

"ஜோடி ஒடஞ்சா ரெண்டு நகரசபையும் கையெழுத்துப் போட்டது செல்லாது. காத்திருக்கிற அடுத்த ஜோடிக்குப் போயிடும்."

வீட்டைக் கொடுப்பதும் எங்கள் நகரசபைதான், அதைக் கொடுத்ததற்காகப் பட்டறையைப் பிடுங்குவதும் அதேதான் என்றேன். "அது வேற பிரிவு" என்றார்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள். என்னை நம்பி. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த விசில் கேட்கிறது. நேற்று மாலை உங்களை நேரில் பார்க்கலாம் என்று மேகனோடு பட்டறையில் காத்திருந்தேன். பாலம் தூக்கியிருந்தது, நீங்கள் வந்து சேரவில்லை. அவளுக்கு இருமல் அதிகமாகிவிட்டது, திரும்பிவிட்டேன்.

என்ன செய்யட்டும்?

ஹேலி


பட்டறை
பிப்ரவரி 7

ஹேலி கண்ணு,

வீட்டை எடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லையாம், போகாதே என்று க்ளெண்டா காலைப் பிடிக்காத குறை. சரி என்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவே நல்லது. நாள் முழுக்க இயந்திரத்தை மிதிக்க என் முழங்கால் ஒத்துழைக்காது.

தார்ப்பின் உறைகளை மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவேன். நீ வெட்ட வேண்டியதை வெட்டி வைத்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டு. இயந்திரம் என்னுடையது, இஸ்திரிப் பெட்டியும் என்னுடையது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அதனால் பதில் எழுதி வைக்க இடம் தேடாதே.

விளக்கை நானே அணைத்துவிடுகிறேன்.

பெவ்


14, பீச்வுட் சாலை
எல்ஸ்பி
மார்ச் 11

அன்புள்ள பெவ்,

மறுபடியும் இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். இன்று மேகனுக்காக விழித்திருக்கவில்லை. அவள் சத்தமே இல்லாமல் தூங்குகிறாள். அந்த அமைதி பழகாமல் மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன். இந்தத் தெருவில் எல்லோரும் காரிலிருந்து நேராக வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். பகலிலும் இதே அமைதிதான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் பட்டறைக்குப் போனேன். எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருந்தீர்கள். மேசைமேல் ஒரு சின்னத் திரைச்சீலை மட்டும். அதை மேகனின் கட்டில் பக்கச் சன்னலில் மாட்டியிருக்கிறேன். மிச்சத் துண்டுகள்தான், ஆனால் கோட்டோடு கோடு சேர்ந்திருந்தது. துண்டுக் காகிதமாவது இருக்குமென்று மேசைக்கு அடியில்கூடத் தேடினேன்.

இன்று மேகனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தைக் கடந்து உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். க்ளெண்டா வாசலுக்கு வந்தார்.

"பெவ்வா? போன மாசமே நின்னுட்டாளே. அவ எடத்துல இப்ப என் தங்கச்சி மக."

"திரும்ப வந்துட்டதா எழுதியிருந்தாங்க. முழங்கால் வலின்னு..."

"ஓ, முழங்கால்னாளா? பொய் சொன்னா அவளுக்கு அங்கதான் வலிக்கும். இத்தனை நாள் கூட வேல செஞ்சியே, தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும் பெவ்? உங்கள் வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. தென்கரை என்று மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு வருவீர்களாம், எழுதிக் கொடுத்தால் கையில் தருவதாகச் சொன்னார்.

தார்ப் எனக்குப் போன் செய்தார். திரைச்சீலைகளும் வேண்டுமாம். "ரெண்டு பேர்ல யார்கிட்ட கேக்கணும்?" என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இந்த வீட்டின் முன்னறை காய்ந்த அறை. சாமான் எதுவும் இல்லை, வாங்க வசதியும் இல்லை. பழைய கதவைப் போட்டு வெட்டும் மேசை அமைத்துவிட்டேன், சன்னல் பக்கமாகத் தள்ளி. மறுபாதியை அப்படியே காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் இயந்திரம் அதில் அடங்கும். இங்கே நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாலத்து முனையிலிருந்து பஸ் வாசலுக்கே வருகிறது. இருட்டிவிட்டாலும் முன்னறை விளக்கு எரியும்.

ரேடியோவை உங்கள் ஊர் ஆட்டத்திலேயே வைத்திருக்கிறேன்.

என் முகவரியை மேலே எழுதியிருக்கிறேன். வருவதாக இருந்தாலும், வராவிட்டாலும், சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஹேலி