தண்ணீர்மேல் எரிந்த நெருப்பு

காக்ஸ் டவுன், 1998

அன்புள்ள அக்கா,

நீ நம்பவே மாட்டாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். "அணைக்கட்டில் ஆராய்ச்சி பெண்ணுக்கு எதற்கு, லவினாவை வீட்டுக்கு அனுப்பு" என்றாயே, கையோடு கூட்டிவரத்தான் போனேன்.

படகில் இருந்த இன்ஜினியர், "தண்ணியில எடுக்கிற கரண்டுல ஏதும்மா புகை?" என்று சிரித்தார். உன் மகள் லவினா கழியால் அடிச்சேற்றைக் குத்தினாள். கிளம்பிய குமிழிகளில் படகு பனைமர உயரம் எழும்பியது.

"மூழ்கின காடு அழுகி வர்ற மீத்தேன் சார், புகையைவிட அதிகமா பூமியைச் சூடாக்கும். மாமா, ஆடாம உக்காருங்க."

கவிழ்த்த புனலில் அதைப் பிடித்து, நுனியில் தீக்குச்சி வைத்தாள். சுவாலை மைசூர்வரை தெரிந்தது. இன்ஜினியரின் மீசை பாதி போயிற்று.

சரி அக்கா, படகு எழும்பவில்லை, மீசையும் பத்திரம். ஆனால் சுண்டுவிரல் நீளத்துக்கு நீலமாய் எரிந்தது நிஜம். அதைப் பார்த்தபின் அவளை வீட்டுக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உன் தம்பி